முதல் மாடியில் நின்ற கூடை

1

போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து முதல் கவளம் எடுப்பதற்குள் எதிர்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

"என்ன மதினி, அண்ணன் ரிட்டையர் ஆகி வருஷமாச்சே. எப்ப ஊரோட வரப்போறீக?"

"வந்துதான இருக்கேன். ஒன் இலையைப் பாரு, சாம்பார் ஓடுது" என்றேன்.

"அதில்ல மதினி. வேலையும் முடிஞ்சுபோச்சு. இன்னமும் அந்தக் கல்கத்தாவுல அப்பிடி என்னதான் இருக்கு?"

பக்கத்து இலையில் இருந்த பெரியவர் எனக்குப் பதிலாகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். புழுக்கம், கூட்டம், தெருவெல்லாம் தண்ணீர் என்று அடுக்கினார். மதுரையைத் தாண்டி ரயிலேறாத மனுஷர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பெயர் சாந்தி. பெயர் வைத்தவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறார்.

கல்கத்தாவில் எனக்கு என்ன இருக்கிறது என்பதைப் பந்தியில் உட்கார்ந்து சொல்ல முடியாது. சோறு ஆறிவிடும். அதனால் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் எல்லாரும் படியுங்கள். அந்தப் பெரியவருக்கு யாராவது படித்துக் காட்டுங்கள்.

2

என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூர் டாக்கில் வேலை. எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது, எது இறங்கியது, எது இறங்கவில்லை என்று காகிதத்தில் பார்க்கிற உத்தியோகம். கல்யாணமாகி வந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம்தான். மகள் கயல் பிறந்ததும் வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் ஊருக்குப் போக வேண்டும் என்று எல்லாரும் அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் அதே நினைப்பில்தான் இருந்தார். நான்தான் மாட்டேன் என்றேன்.

"அங்க சொந்தபந்தம் எல்லாம் இருக்கே சாந்தி" என்றார்.

"இருக்கு. அங்க போனா என்னைக் கல்கத்தாக்காரிம்பாங்க. இங்க இருந்தா மத்ராஸிம்பாங்க. எப்பிடியும் வெளியூர்க்காரிதான்னா, சிநேகிதிகள் இருக்கிற ஊர்ல வெளியூர்க்காரியா இருந்துட்டுப் போறேன்."

அவருக்கு என்னோடு சண்டை போடுவதைவிட வீடு தேடுவது சுலபமாகப் பட்டது. கல்கத்தாவிலேயே டாக்குரியாவில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி கிடைத்தது. லிஃப்ட் கிடையாது. ஸ்டேஷன் பக்கம் என்பதால் ரயில் போகிற சத்தம் சமையலறைக்குள் வரும். பால்கனி தெருவைப் பார்த்திருந்தது. அதைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன்.

புது வீடு என்றால் அலுவலகம் அலுவலகமாக முகவரி மாற்ற வேண்டும். ஓரிடத்தில் கவுன்ட்டர் பையன் கேட்டான்: "பர்மனென்ட் அட்ரஸ்?" டாக்குரியா முகவரியைச் சொன்னேன்.

"அது இப்ப இருக்கிற முகவரி மாஷிமா. நிரந்தர முகவரி?"

"அதேதான்."

"இல்ல மாஷிமா, உங்க தேஷ் எங்கே?"

பெங்காலியில் மாஷிமா என்றால் சித்தி, வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; தேஷ் என்று கேட்டால் பூர்வீகம் எது என்று அர்த்தம். நான் அவனைத் திருப்பிக் கேட்டேன். "ஒன்னோட தேஷ் எங்கப்பா?" பரிசால் என்றான். இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. தாத்தா காலத்தில் வந்தவர்களாம், இவன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையாம். "அப்ப ஒன் ஃபாரத்துல பரிசால்னு எழுதுவியா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு இரண்டு கட்டத்திலும் டாக்குரியா என்றே எழுதினான்.

தை மாதம் பால் காய்ச்சினோம். நம் வழக்கப்படி சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கீழேயும் மேலேயும் கொடுத்தேன். முதல் மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, கட்டடத்தின் செக்ரட்டரி வீடு. அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள், அக்கம்பக்கத்துப் பெண்களையும் அப்படியே கூப்பிடலாம். நானும் பௌதி என்று சொல்லி எவர்சில்வர் தூக்குச்சட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், சிரித்தார், கதவைச் சாத்தினார்.

அதோடு சரி. தூக்குச்சட்டி திரும்பி வரவே இல்லை.

நம் ஊரில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். பெங்காலிகளுக்கும் அதே வழக்கம் உண்டு என்று குவார்ட்டர்ஸில் பார்த்திருக்கிறேன். வெறும் பாத்திரமாக வந்திருந்தால்கூட ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். பாத்திரமே வராவிட்டால் என்ன நினைப்பது? அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சட்டி அது. கழுத்தில் "சாந்தி" என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். மாதக்கணக்கில் அதை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

3

சிநேகிதிகள் என்று சொன்னேனே, இரண்டே பேர்.

ஷிப்ராதி குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வாசல். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். அக்காவைத் தீதி என்பார்கள், பெயரோடு சேர்த்தால் "தி" மட்டும் ஒட்டிக்கொள்ளும். பழைய சேலைகளை அடுக்கிவைத்து ஓட்டுத்தையல் போட்டு காந்தா விரிப்பு செய்வார். நசீம் ஆபா குவார்ட்டர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டில் எல்லாருமே தையல்காரர்கள். குழந்தைகளுக்கு ஃப்ராக் தைத்து வார சந்தைக்கு அனுப்புவார்கள். கயலுக்கு யூனிஃபார்ம் தைக்கப் போன இடத்தில்தான் பழக்கம். ஆபா என்றால் அக்கா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருமையில் சண்டை போடுவேன்.

நான் ஒயர் கூடை பின்னுகிறவள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அல்வாவுக்குப் பதிலாக ஒயர் கட்டு வாங்கி வரச் சொல்லுவேன். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எல்லா முடிச்சும் கைக்கு வரும். வியாழக்கிழமை மதியம் மூன்று பேரும் என் வீட்டில் உட்காருவோம். வாரக் கடைசியில் சந்தைக்குச் சரக்கு போக வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை ஆபாவுக்குத் தலையெடுக்க நேரமிருக்காது. வியாழன் சாயங்காலம் ஷிப்ராதிக்கு லட்சுமி பூஜை. அதனால் விளக்கு வைப்பதற்குள் கலைந்துவிடுவோம். ஆபா ஃப்ராக்குக்குக் கொக்கி தைப்பாள், ஷிப்ராதி காந்தா போடுவார், நான் கூடை. பேச்சு பாதி பெங்காலி, பாதி ஹிந்தி. உங்களுக்காக அதைத் தமிழில் எழுதுகிறேன். என் காதில் அது இப்போது தமிழாகத்தான் விழுகிறது.

ஒருமுறை ஆபாவுக்கும் கூடை பின்ன ஆசை வந்தது. நெல்லிக்காய் முடிச்சு சொல்லிக்கொடுத்தேன். கை வேகம் இருந்ததால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அடி போட எத்தனை ஒயர் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போனேன். அவள் தையல்காரி இல்லையா? எதை வெட்டினாலும் தையலுக்கென்று இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவாள். கூடைக்கும் அப்படியே நாலா பக்கமும் விட்டு அடி போட்டிருக்கிறாள். அடி அகலமாகப் போனதில் பக்கச்சுவருக்கு ஒயர் பற்றவில்லை. முடித்தபோது அது கூடையாகவும் இல்லை, தாம்பாளமாகவும் இல்லை. நானும் ஷிப்ராதியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"பிரிச்சுப் போடு ஆபா, மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"முடிச்ச வேலையை நான் பிரிச்சதே இல்ல. அளவு எல்லாம் சரியாத்தான் இருக்கு. இதுக்கு ஏத்த சாமான் ஒன் வீட்டுல இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தக் கூடை பரணில் கிடந்தது. வீடு மாறும்போது வெங்காயத்தைப் போட்டு டாக்குரியாவுக்குக் கொண்டுவந்தேன்.

4

புது வீட்டில் முதல் வியாழக்கிழமை. ஷிப்ராதி மகனோடு பெஹாலாவுக்குக் குடிபோயிருந்தார், அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்து மேலேறிவிட்டார். ஆபா கிடர்பூரிலிருந்து பஸ் மாறி வர வேண்டும். நான் டீக்குத் தண்ணீர் வைத்த நேரத்தில் போன் வந்தது.

"சாந்தி, கீழ வா. ஒன் தர்வான் என் ஜாதகத்தைக் கேக்குறான்."

இறங்கிப் போனேன். எனக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவேன். கட்டடத்துக் காவல்காரன், இங்கே தர்வான் என்பார்கள், கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு நின்றான். ஆபா தலையில் துப்பட்டாவைச் சரிசெய்தபடி வெயிலில் நின்றாள். அடையாள அட்டை வேண்டும், அதற்கு ஜெராக்ஸ் வேண்டும் என்றான் தர்வான். புது முகமாக இருந்தால் வாங்கச் சொல்லி செக்ரட்டரி பாபு உத்தரவாம்.

"இப்பதான் ஒரு அம்மா மேல போனாங்களே, அவங்க பழைய முகமா?" என்றேன்.

அவன்மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்கிறவன். நான் ஆபாவின் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்விட்டேன்.

அடுத்த வாரமே மாடிப்படிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெளியாட்கள் ஃப்ளாட்டுகளில் தொடர்ந்து கூடக் கூடாது, எந்த வியாபாரமும் நடத்தக் கூடாது, வெளியாட்கள் அடையாள அட்டை நகல் கொடுத்தால்தான் அனுமதி. கீழே செக்ரட்டரியின் கையெழுத்து. எனக்குப் பெங்காலி எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் கோபம் வர அது போதும்.

நேராக முதல் மாடிக்குப் போனேன். செக்ரட்டரி ரொம்ப மரியாதையானவர். உட்காரச் சொன்னார், டீ கொண்டுவரச் சொன்னார்.

"எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் தீதி. தனிப்பட்ட முறையில எதுவும் இல்ல" என்றார்.

"என்ன வியாபாரம் நடக்குது என் வீட்டுல?"

"மூட்டையில துணி வருது. கூடை வருது. பாக்கிறவங்க சொல்றாங்க."

"சரி. என் இன்னொரு சிநேகிதிகிட்ட ஏன் அட்டை கேக்கல?"

"அவங்களைப் பாத்தாலே தெரியுதே."

"என்ன தெரியுது?"

அவர் டீயைக் குடித்தார். திரைச்சீலைக்குப் பக்கத்தில் பௌதி தட்டோடு நின்றிருந்தார். டீயைக் கொடுத்த பிறகும் உள்ளே போகவில்லை. அவருக்குப் பின்னால் அலமாரியில் என் தூக்குச்சட்டி பளபளவென்று இருந்தது. அதையும் கேட்டுவிட வாய் துடித்தது. இன்றைக்குப் பேச வந்தது அது இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆபாவிடம் போனில் சொன்னேன். அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அட்டை என்கிட்ட இருக்கு சாந்தி. ஆபீஸ்ல கேட்டா கொடுப்பேன், பேங்க்ல கேட்டா கொடுப்பேன். சிநேகிதி வீட்டுல டீ குடிக்க அதைக் காட்டணும்னா அந்த டீ எனக்கு எறங்காது. நான் மேல வரல."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல வம்பு வேண்டாம் என்றார். "ஒரு ஜெராக்ஸ்தானே. கொடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

"ஒங்ககிட்ட இதுவரைக்கும் யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அதான் ஒங்களுக்கு அது ஒரு ஜெராக்ஸா இருக்கு."

கயல் புனேயிலிருந்து பேசினாள். அவள் தமிழ் ஒருமாதிரியான தமிழ். "ஏம்மா சும்மா சும்மா ஜக்டா பண்றே? சோலே எஷோ நா, இங்க என்கூட வந்து இரேன்" என்றாள். ஜக்டா என்றால் சண்டை, சோலே எஷோ என்றால் கிளம்பி வந்துவிடு. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இதைக்கூட நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதற்காக நான் அழுது தீர்த்த காலம் ஒன்று இருந்தது, இப்போது இல்லை. "யார்கிட்ட வளர்ந்தே நீ? ஒன் முதல் ஃப்ராக் யார் தைச்சது?" என்று கேட்டேன். "ஆபாகிட்ட நான் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. சொந்த ஊருக்கு வரமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததே அந்த இரண்டு பேருக்காக. அவர்களில் ஒருத்தி படியேற முடியாத வீட்டை என் வீடு என்று நான் எந்த வாயால் சொல்வேன்? வியாழக்கிழமை போய்விட்டால் நான் டாக்குரியாவில் இருப்பதும் ஒன்றுதான், விருதுநகரில் இருப்பதும் ஒன்றுதான்.

5

வழி காட்டியது எதிர்வீட்டு மாஷிமா. காலையில் காய்கறி வண்டி வந்தால் அவர் இறங்கமாட்டார். மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவார். காய்க்காரன் கத்திரிக்காயைப் போட்டதும் பை மேலே போகும். கல்கத்தாவில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத காட்சி. நான் அன்றைக்கு வெகுநேரம் பார்த்தேன்.

பிறகு நோட்டீஸை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினேன். ஃப்ளாட்டுக்குள் கூடக் கூடாது என்றுதான் இருந்தது. தெருவைப் பற்றி ஒன்றும் இல்லை.

எங்கள் கேட்டை ஒட்டி ஒரு ஹோமியோபதி மருந்துக்கடை. மதியம் சாப்பிடப் போனால் கடைக்காரர் ஐந்து மணிக்குத்தான் வந்து ஷட்டரைத் தூக்குவார், இங்கே பல கடைகள் அப்படித்தான். கடை வாசலில் அகலமான சிமென்ட் படி, மேலே தகரக் கூரை. வியாழன் மதியம் அங்கே உட்காரலாமா என்று கேட்டேன். "நான் வர்றப்ப எந்திரிச்சிட்டாப் போதும்" என்றார்.

ஃப்ளாஸ்க், கப், ஒயர், முறுக்கு, உட்காரத் தலையணை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் காலால் இறங்க முடியாது. இரண்டு கையும் கைப்பிடிச் சுவருக்கு வேண்டும். அப்போதுதான் பரணில் ஏற்றிய வெங்காயக் கூடை ஞாபகம் வந்தது. அகலமான அடி, குட்டைச் சுவர், இரண்டு கைப்பிடி. துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஃப்ளாஸ்க்கை வைத்தால்கூடச் சாயவில்லை. அதற்கு ஏற்ற சாமான் கடைசியில் என் வீட்டில் இருந்தது.

கயிறு பிடிக்க என் வீட்டுக்காரரை நிறுத்தினேன். தெருவில் தலைகுனிய வைக்கிறாய் என்று முனகினார். இத்தனை வருஷம் காகிதத்தில் சரக்கு இறக்கினீர்கள், இப்போது கையால் இறக்குங்கள் என்றேன். இரண்டு வாரத்தில் அவருக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. கீழே காற்று எப்படி, கயிறு ஆடுகிறதா என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்.

அப்படித்தான் எங்கள் வியாழக்கிழமை தெருவுக்கு வந்தது. வெயிலில் தகரத்தின் கீழே விசிறிக்கொண்டு உட்கார்ந்தோம். கூடை இறங்கும் வழியில் செக்ரட்டரி வீட்டு பால்கனி. டீயும் முறுக்கும் அவர் மூக்குக்கு முன்னால்தான் இறங்கும். மூன்றாவது வாரம் அவர் கீழே வந்தார்.

"தீதி, கட்டடத்தோட முன்பக்கம் இப்படிச் சாமான் தொங்கவிடக் கூடாது."

"காலையில ஒங்க வீட்டு பால்கனியிலயும் ஒரு பை தொங்குச்சே. அதுல புடலங்காய் இருந்துச்சு."

"அது வேற."

"ஆமா, இதுல முறுக்கு இருக்கு. சாப்பிடுறீங்களா?"

ஷிப்ராதி டீச்சர் பார்வை ஒன்று பார்த்தார். ஆபா தலையே நிமிராமல் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மழைக்காலம் அந்த நினைப்பைக் கழுவிவிட்டது. ஒரு வியாழக்கிழமை சாரலாக ஆரம்பித்து அடித்து ஊற்றியது. தகரம் ஒழுகியது, தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். ஆபா மடியில் வைத்திருந்த ஃப்ராக்குகள் நனைந்துவிட்டன. துர்கா பூஜை விற்பனைக்குப் போக வேண்டிய சரக்கு. மேலே என் வீடு காய்ந்த தரையோடு காலியாக இருக்கிறது, கீழே நாங்கள் மூன்று கிழவிகள் மருந்துக்கடை வாசலில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். ஆபா துணிகளைப் பிழிந்து பையில் திணித்தாள்.

"போதும் சாந்தி. நீ எனக்காக எவ்வளவோ பண்ணிட்டே. அடுத்த வாரம் வேணாம்."

அவசரத்தில் என் ஒயர் வெட்டும் கத்தரிக்கோலையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பூஜைக்கு முன்னால் வேலை தலைக்குமேல் இருக்கும் என்று ஷிப்ராதி சமாதானம் சொன்னார். வேலை மட்டும்தான் காரணமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கூடையை மட்டும் ஒவ்வொரு வியாழனும் இறக்கினேன். மூன்று கப் வைத்துத்தான் இறக்கினேன். ஒரு கப் கழுவாமலே மேலே போகும்.

6

துர்கா பூஜை முடிந்து பிஜோயா. அம்மனை ஆற்றில் கரைத்த பிறகு வரும் நாட்களில் இங்கே எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போய் இனிப்பு கொடுப்பார்கள். சண்டை போட்டவர்களும் அப்போது பேசிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். முதல் மாடியிலிருந்து யாரும் வரவில்லை. அதற்கடுத்த வியாழன், நானும் ஷிப்ராதியும் படியில் உட்கார்ந்திருந்தோம். மேலேயிருந்து கூடை கிளம்பியது.

பாதி வழியில் நின்றுவிட்டது.

"சாந்தி, கூடை மாட்டிக்கிச்சு" என்று என் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கத்தினார்.

நிமிர்ந்து பார்த்தேன். மாட்டவில்லை. முதல் மாடி பால்கனியிலிருந்து இரண்டு கைகள் கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தன. வெள்ளைச் சங்கு வளையல், சிவப்பு வளையல், பௌதியின் கைகள். கூடை உள்பக்கம் போயிற்று. கொஞ்ச நேரம் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு கூடை வெளியே வந்து மெதுவாக இறங்கியது.

ஃப்ளாஸ்க்குக்குப் பக்கத்தில் என் தூக்குச்சட்டி. தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டிய நாரு என்கிற இனிப்பு வாய்வரைக்கும் இருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை என்று ஒரு காகிதத்தை மடித்து மேலே வைத்து மூடியிருந்தது. காகிதம் எண்ணெய் குடித்திருந்தது. பிரித்தேன். மாடிப்படி நோட்டீஸ். செக்ரட்டரியின் கையெழுத்தின் மேல் ஒரு நாரு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று ஷிப்ராதிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதற்குள் பௌதியே கம்பளி நூலும் ஊசிகளும் வைத்த பையோடு கேட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"மூடி நிக்கல. கைக்கு ஒரு காகிதம் கிடைக்கல. சுவத்துல ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெறும் பாத்திரத்தை எப்பிடித் திருப்பித் தர்றது? ரெண்டு தடவை இனிப்பு செஞ்சேன். 'அவங்களோட அவ்வளவு ஒட்டு எதுக்கு'ன்னு சொல்லிட்டாரு. நானும் அலமாரியில வச்சிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து அதுல. தினம் துடைக்கும்போதெல்லாம் அது என்னையே பாக்குற மாதிரி இருக்கும்" என்றார்.

அவர் பேசி முடிக்கும்போது தெருமுனையில் ஆபா வருவது தெரிந்தது. கையில் என் கத்தரிக்கோலை எல்லாரும் பார்க்கும்படி பிடித்திருந்தாள்.

"நான் உக்கார வரல. இதைக் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள். சொல்லிக்கொண்டே தலையணையைத் தட்டிப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பௌதி எழுந்து தூக்குச்சட்டியை எடுத்து முதல் நாருவை அவளுக்குத்தான் கொடுத்தார். "மேல வாங்க. என் விருந்தாளியா வாங்க. என் விருந்தாளிகிட்ட அட்டை கேக்குறவன் யாருன்னு நான் பாக்குறேன்" என்றார். சத்தமாகவே சொன்னார். முதல் மாடி பால்கனியில் செக்ரட்டரி வேட்டியை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். கேட்டில் தர்வான் கேட்டை முழுவதும் திறந்துவிட்டு விலகி நின்றான்.

ஆபா நாருவை மென்று முடித்தாள். வாயைத் துடைத்தாள். மெதுவாக நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள்.

"வர்றேன். ஆனா இன்னைக்கு இல்ல. இன்னைக்குக் காத்து இங்கதான் நல்லா வருது" என்றாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு என் முகம் இன்னும் புதுசாத் தெரிஞ்சா, கீழ வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

ஷிப்ராதிக்கு டீ புரை ஏறிவிட்டது. பௌதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மேலே என் வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினார், பால்கனி கொடியில் கட்டியிருந்ததால் கயிறு தப்பியது. செக்ரட்டரி உள்ளே போய்விட்டார்.

அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் திருந்தவில்லை. இப்போது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். நானும் மாறவில்லை, அதிலும் ஒரு தப்பு கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். குளிர் வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை ஆபா தானாகவே படியேறி வந்தாள். வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தவள் நேராகப் பால்கனிக்குப் போய் என் வீட்டுக்காரரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவள் பின்னிய கூடையை அவள்தான் இறக்குவாளாம். இப்போதெல்லாம் அது தெருவரைக்கும் போவதில்லை. ஒரு மாடி இறங்கி நிற்கும். பௌதி அதில் வருவதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் பின்னாலேயே மேலே வருவார்.

ஆகவே நாத்தனார் வீட்டு ஆட்களே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கல்யாணத்திலிருந்து திரும்பி வந்ததும் நீங்கள் கட்டிக்கொடுத்த அதிரசத்தைத் தூக்குச்சட்டியில் நிரப்பி ஆபா கையால் இறக்கினோம். அது இப்போது முதல் மாடியில் இருக்கிறது. திரும்பி வரும்வரைக்கும் நான் எங்கும் வருவதாக இல்லை. வந்ததும் மறுபடி நிரப்பி இறக்கிவிடுவேன்.